வாளலகியும் முள்ளலகியும்

அந்தீஸ் மலையின் முகில் காடுகளில் வாழும் இரு சின்னஞ்சிறு பறவைகள்

குசினியில் இருக்கும் தேக்கரண்டியால் சீனியை மட்டமாக அள்ளி உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். அதன் நிறை ஏறக்குறைய 4 கிராம். இறகு, எலும்பு, இரத்தம், ஓயாமல் துடிக்கும் இதயம் என்று எல்லாவற்றையும் சேர்த்தும் அந்த ஒரு கரண்டிச் சீனியின் நிறையைத் தாண்டாத பறவை ஒன்று இவ்வுலகில் உண்டு. அதன் அலகோ ஓர் அரிசி மணியின் அளவுதான்.

இனி மேசைக்கரண்டியை எடுத்து அதே போல் அள்ளுங்கள். ஏறக்குறைய 12 கிராம் வரும். அந்த நிறையில் இன்னொரு பறவை இருக்கிறது. அதன் அலகின் நீளம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 8 சென்ரிமீற்றரில் இருந்து 11 சென்ரிமீற்றருக்கும் மேல் வரை! வாலை விட்டுவிட்டு அளந்தால் உடலை விட அலகே நீளம். உலகில் இருக்கும் ஏறக்குறைய 11,000 பறவை இனங்களில் இப்படிப்பட்ட அலகு வேறெதற்கும் இல்லை.

இவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே மலைத்தொடரில், ஒரே வகையான காட்டில் வாழ்பவை. இரண்டையும் விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தவரும் ஒருவரே. 1840ஆம் ஆண்டளவில் பொய்சனோ என்ற பிரெஞ்சுக்காரர் இவ்விரண்டையும் விவரித்துப் பெயரிட்டார். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு இவை தேர்ந்தெடுத்த வழிகளோ வடதுருவமும் தென்துருவமும் போன்றவை.

ஆங்கிலத்தில் நீண்ட அலகுடையதை ‘சுவோர்ட் பில்ட் ஹமிங்பேர்ட்’ என்றும், குட்டை அலகுடையதை ‘பேர்ப்பிள் பேக்ட் தோர்ன்பில்’ என்றும் அழைக்கிறார்கள். வாள் போன்ற அலகு, முள் போன்ற அலகு என்பது பொருள். தமிழில் இவற்றுக்கு வழங்கி வரும் பெயர் இல்லாததால் இக்கட்டுரையில் வாளலகி என்றும் முள்ளலகி என்றும் அழைப்போம்.

நமது தேன்சிட்டு வேறு, இது வேறு

இவ்விரண்டும் ரீங்காரச் சிட்டுகள். பறக்கும் போது சிறகுகள் வண்டு போல ரீங்காரம் செய்வதால் வந்த பெயர் இது. “உம்மா, நம்ம வீட்டுச் செவ்வரத்தைப் பூவுக்கு வருகிற குருவிதானே இது?” என்று பிள்ளைகள் கேட்கக் கூடும். இல்லை என்று சொல்லுங்கள். நம் முற்றத்துக்கு வருவது தேன்சிட்டு. பளபளப்பு, மெல்லிய அலகு, பூந்தேன் மீது ஆசை ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் பலரும் குழம்பி விடுகிறார்கள். உண்மையில் இவை உறவினர் அல்ல. ரீங்காரச் சிட்டின் நெருங்கிய சொந்தம் வானில் ஓயாமல் சுற்றித் திரியும் உழவாரக் குருவி.

இன்று வாழும் ரீங்காரச் சிட்டுகளில் 360க்கு அண்மித்த இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. ஆசியாவிலோ ஆபிரிக்காவிலோ ஒன்று கூட இல்லை.

நமது தேன்சிட்டு பெரும்பாலும் ஒரு காம்பில் உட்கார்ந்து கொண்டுதான் தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டு பூவின் முன்னால் அந்தரத்தில் அப்படியே நின்று குடிக்கும். மற்றப் பறவைகள் சிறகைக் கீழே அடிக்கும் போதுதான் உடலைத் தாங்குகின்றன. இது கீழே அடிக்கும் போதும் மேலே தூக்கும் போதும் காற்றை மிதிக்கிறது. அதனால் முன்னே போகும், நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். மிகச் சிறிய இனங்கள் சில, ஒரு செக்கனுக்கு 80 தடவை வரை சிறகடிக்கின்றன.

அவற்றின் நிறமும் ஒரு விந்தை. மினுங்கும் அந்தப் பச்சையும் ஊதாவும் சாயத்தால் வந்தவை அல்ல. சவர்க்கார நுரையில் வெயில் பட்டால் வானவில் தெரிகிறதே, அது போல இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் போது பிறக்கும் நிறம் அது. பறவை தலையைச் சற்றுத் திருப்பினால், சுடர் விட்ட கழுத்து மறுகணமே கறுப்பாகத் தெரியும்.

முகிலுக்குள் ஒரு காடு

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கு வரை நீளும் அந்தீஸ் மலைத்தொடர் பற்றிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். வெனிசுவெலா, கொலம்பியா, ஈக்குவடோர், பேரு, பொலிவியா ஆகிய நாடுகளூடாகச் செல்லும் இம்மலையின் சரிவுகளில், ஏறக்குறைய 2,000 மீற்றரில் இருந்து 3,500 மீற்றர் வரையான உயரத்தில், முகில் காடுகள் இருக்கின்றன. கீழே சூடான சமவெளியில் இருந்து எழும் ஈரக் காற்று மலையில் மோதி ஏறும் போது குளிர்ந்து மூடுபனியாகிறது. அந்த மூடுபனிக்குள்ளேயே காடு நாள்தோறும் மூழ்கிக் கிடக்கிறது.

ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி ஓரளவு விளங்கும். வளைந்து நெளிந்த குட்டை மரங்கள், கிளைகளில் தாடி போல் தொங்கும் பாசி, மரத்தின் மேல் மரமாகப் படர்ந்திருக்கும் பன்னங்களும் ஓர்க்கிட்டுகளும், பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாத பனிப்புகார். மழை பெய்யாத நாளிலும் இலைகளில் படியும் முகில் துளித்துளியாகச் சொட்டி மண்ணுக்குள் இறங்கும். அந்தீஸில் இத்தகைய காடு பல நாடுகளுக்குக் குறுக்கே நீண்டு கிடக்கிறது.

இங்கே இரவில் கடுங்குளிர். பகலிலும் வண்டும் தேனீயும் சுறுசுறுப்பாகப் பறக்கும் அளவுக்கு வெப்பம் இருப்பதில்லை. ஆனால் ரீங்காரச் சிட்டு தன் உடலின் சூட்டைத் தானே உண்டாக்குவதால் மழையிலும் புகாரிலும் வேலை செய்யும். ஆகவே இங்குள்ள தாவரங்கள் பல, மகரந்தம் சுமக்கும் வேலைக்குப் பூச்சிகளை விட்டுவிட்டு இப்பறவைகளை நம்பத் தொடங்கின. செம்மையும் இளஞ்சிவப்புமான நிறம், குழல் போன்ற வடிவம், அடியில் நிறையத் தேன் என்று பூக்கள் மாறின. பூவுக்கேற்ற அலகு, அலகுக்கேற்ற பூ என்று இரு தரப்பும் ஒன்றையொன்று வனைந்து கொண்டன. அதன் இரு எல்லைகளே நம் இரு பறவைகளும்.

வாளலகி: நீண்ட அலகின் வரமும் பாரமும்

வாளலகியின் ஆண் பறவைக்குச் செப்பு நிறத் தலை, பச்சை உடல், பிளந்த வால். பெண்ணின் வயிற்றுப் பக்கம் வெண்மையில் பச்சைப் புள்ளிகள். ஆயினும் அதைப் பார்க்கிற எவரும் முதலில் நிறத்தைக் கவனிப்பதில்லை. சாக்கு தைக்கும் ஊசியைக் குருவியின் முகத்தில் பொருத்தியது போன்ற அந்த அலகுதான் கண்ணில் படும்.

எதற்கு இவ்வளவு நீளம்? நமக்குத் தெரிந்த கொடித்தோடையின் சொந்தக்காரக் கொடி ஒன்று அந்தீஸ் காட்டில் மரங்களில் ஏறிப் படர்கிறது. பசிபுளோரா மிக்ஸ்ரா என்பது அதன் தாவரவியல் பெயர். நம் தோட்டத்துக் கொடித்தோடைப் பூ தட்டுப் போல் விரிந்திருக்கும். இதன் இளஞ்சிவப்புப் பூவோ ஒரு நீண்ட குழல். தேன் அந்தக் குழலின் அடியில் இருக்கிறது. மற்றச் சிட்டுகள் வாயிலில் நின்று எட்டிப் பார்க்கலாமே தவிர, அடியைத் தொட முடியாது. வாளலகி பூவின் முன்னே வந்து நின்று, நூலை ஊசிக்காதில் கோர்ப்பது போல அலகைக் குழலுக்குள் செலுத்துகிறது. அப்போது அதன் தலைப் பக்கத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்குப் போகும் போது அந்த மகரந்தமும் கூடவே போகிறது. தேன், சுமைக்கூலி.

இதே குழுவைச் சேர்ந்த 37 கொடியினங்கள் மகரந்தம் பரப்ப வாளலகியை நம்பியிருக்கின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொலம்பியாவில் ‘குருபா’ என்றும் ஈக்குவடோரில் ‘டக்சோ’ என்றும் அழைக்கப்படும் நீண்ட மஞ்சள் பழமும் இக்குழுவினதே. பொகோட்டா, கீட்டோ நகரங்களின் வீடுகளில் அதைப் பிழிந்து பழச்சாறு செய்து குடிக்கிறார்கள். தொங்கும் எக்காளம் போல் பூக்கும் ஊமத்தையின் உறவுச் செடிகளிலும் வாளலகி தேன் குடிக்கும்.

இத்தகைய பூக்கள் காட்டில் அடர்ந்து பூப்பதில்லை. இங்கொன்று, அங்கொன்று என்று தூரதூரமாக இருக்கும். ஆகவே வாளலகி ஒரே பூமரத்தைக் காவல் காத்துக்கொண்டு உட்காருவதில்லை. சைக்கிளில் மீன் கொண்டுவரும் வியாபாரி தெருத் தெருவாக, வீடு தப்பாமல் ஒழுங்காகச் சுற்றி வருவாரல்லவா? அதுபோல ஒரு பாதையை மனதில் வைத்து, ஒவ்வொரு கொடியாகப் போய்த் திரும்பவும் முதல் கொடிக்கு வரும். போட்டிக்கு யாரும் இல்லாததால் பூவில் தேன் ஊறிக் காத்திருக்கும்.

வரம் இருக்கும் இடத்தில் பாரமும் இருக்கும். மற்றப் பறவைகள் அலகால் இறகைக் கோதித் துப்புரவு செய்கின்றன. வாளலகிக்கு அந்த அலகைத் தன் நெஞ்சுக்குத் திருப்ப முடியாது. பாவம், காலால்தான் சொறிந்து இறகைச் சீர்செய்கிறது. கிளையில் அமரும் போதும் அலகை நேர் முன்னே நீட்டி வைத்தால் கழுத்து தாங்காது. ஆகவே வானத்தைப் பார்த்து அலகை உயர்த்தியபடியே ஓய்வெடுக்கிறது. தேன் மட்டும் போதாது, பூச்சியும் வேண்டும். நீளமான அலகின் நுனியால் பூச்சியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுவருவது கடினம் என்பதால், அலகை அகலத் திறந்தபடி பறந்து காற்றிலுள்ள பூச்சிகளைப் பிடிக்கிறது.

முள்ளலகி: சிறு பூவும் பின்வாசலும்

முள்ளலகியின் ஆண் பறவையைக் கண்டவர்கள் அதன் அழகை மறக்க மாட்டார்கள். முதுகு முழுவதும் பளபளக்கும் ஊதா. தொண்டையில் பொன் கலந்த பச்சைச் சுடர். நீண்ட பிளந்த வால். பெண் பறவை முதுகில் பச்சையும் வயிற்றில் புள்ளியிட்ட வெண்மையுமாக அடக்கமாக இருக்கும். வால் முனை வரை அளந்தாலும் உடல் 8 அல்லது 9 சென்ரிமீற்றர்தான். அலகு 5 மில்லிமீற்றரை ஒட்டியது. ரீங்காரச் சிட்டுகள் அனைத்திலும் குட்டையான அலகு இதற்கே.

வாளலகியின் அலகில் இருபதில் ஒரு பங்கு! இந்த முள்ளை வைத்துக்கொண்டு நீண்ட குழல்களில் இருந்து எப்படித் தேன் எடுப்பது? வாசல் வழியாக முடியாது. ஆகவே முள்ளலகி மூன்று வழிகளில் வயிற்றைக் கழுவுகிறது.

முதலாவது, ஆழமில்லாத சிறிய பூக்கள். மரமொன்று கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தால் அதில் ஒவ்வொரு சிறு பூவாகத் தொட்டுச் செல்லும். பெரிய சிட்டுகளுக்கு ஒரு சிறு பூவில் கிடைக்கும் துளித் தேன் பறக்கும் செலவுக்கே காணாது. 4 கிராம் உடலுக்கோ அது போதும். சில வேளைகளில் அந்தரத்தில் நிற்கும் செலவையும் மிச்சம் பிடிக்க, பூவிலேயே காலால் பற்றித் தொங்கிக் கொண்டு குடிக்கும்.

இரண்டாவது, பூச்சிகள். இலையிலும் காற்றிலும் உள்ள நுண்ணிய பூச்சிகளைப் பொறுக்குவதற்குக் குட்டை அலகு நல்ல இடுக்கி.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. அந்தீஸ் காட்டில் பூத்துளைப்பான் என்று சொல்லத்தக்க வேறொரு பறவைக் கூட்டம் உண்டு. மேலலகின் கொக்கியால் பூவைப் பிடித்து, கூரான கீழலகால் பூக்குழலின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். அது போன பின் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். முள்ளலகி அங்கே வந்து, யாரோ திறந்து வைத்த பின்வாசலால் நுழைந்து தேனைக் குடித்துவிடுகிறது.

இது பூவுக்கு நட்டம். வாசல் வழியாக வராத விருந்தாளி மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. தேன் போய்விட்டது, கூலிக்கு வேலை நடக்கவில்லை. விஞ்ஞானிகள் இதற்குத் ‘தேன் களவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் முள்ளலகியை முழுக் கள்வன் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. தனக்குப் பொருத்தமான சிறு பூக்களில் அது முன்வாசலாலேயே வந்து போகிறது. அங்கே மகரந்தமும் அதன் முகத்தில் ஒட்டுகிறது. ஒரே பறவை ஒரு பூவுக்கு உதவியாளன், இன்னொரு பூவுக்குக் களவாளி.

ஒரே பார்வையில்

வாளலகி: நிறை ஏறக்குறைய 12 கிராம். அலகு 8 முதல் 11 சென்ரிமீற்றர் வரையும் சில வேளை அதற்கு மேலும். நீண்ட குழற் பூக்கள். தூரதூரமாகச் சுற்றி வரும் பழக்கம். போட்டியாளர் குறைவு. உணவு தரும் பூ வகைகளும் குறைவு.

முள்ளலகி: நிறை 4 கிராமுக்கு உட்பட்டது. அலகு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். சிறு பூக்கள், பூச்சிகள், பிறர் போட்ட ஓட்டைகள். போட்டியாளர் அதிகம். ஆனால் ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று.

இருவருக்கும் பொதுவான பசி

அலகு எப்படி இருந்தாலும் தேனை மேலே எடுப்பது நாக்கு. உறிஞ்சு குழாய் போல நாக்கில் தேன் தானாக ஏறுகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2011இல் அலெஹான்ட்ரோ ரிக்கோ குவேரா என்ற கொலம்பிய ஆராய்ச்சியாளரும் மார்கரெட் ருபேகாவும் அது பிழை என்று காட்டினர். நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்தது. தேனுக்குள் போனதும் அதன் ஓரங்கள் விரிந்து, வெளியே வரும் போது சுருண்டு தேனைப் பொத்திப் பிடிக்கின்றன. ஒரு செக்கனுக்குள் பத்துப் பதினைந்து தடவை இப்படி நடக்கும்.

இத்தனை அவசரம் ஏன்? சிறகடிப்பின் செலவு அப்படி. பறக்கும் போது சிறிய இனங்களின் இதயம் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கும் மேல் துடிக்கிறது. ஒரு நாளில் தம் உடல் நிறைக்குச் சமமான, சில வேளை அதற்கும் கூடுதலான தேனைக் குடிக்க வேண்டியிருக்கிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பொழுது சாய்ந்தால் பூக்கள் கண்ணுக்குத் தெரியாது. மலைக் குளிரோ ஏறிக்கொண்டே போகும். இந்த 12 மணித்தியாலப் பட்டினியை எப்படிக் கடப்பது?

அந்தீஸின் பல ரீங்காரச் சிட்டுகள் கண்டுபிடித்த வழி, அடுப்பைத் தணித்து வைப்பது. இரவில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் அடிமட்டத்துக்கு இறக்கி, உயிர் இருக்கிறதா என்று ஐயுறும்படி உறைந்துபோய் விடுகின்றன. பேருவின் அந்தீஸ் மலையில் 3,800 மீற்றர் உயரத்தில் 6 இனங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவுகள் வியக்க வைத்தன. முள்ளலகிக்கு நெருங்கிய உறவான ஒரு கறுப்பு நிறச் சிட்டின் உடல் வெப்பம் 3.26 பாகை செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருக்கும் குளிர் அது! விடிவதற்குள் அதே பறவை உடல் நடுங்கிச் சூடேறி, காலையில் முதல் பூவைத் தேடிப் பறந்துவிடுகிறது.

தாயின் தனிப் பொறுப்பு

ரீங்காரச் சிட்டுகளில் கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டி வளர்ப்பது எல்லாம் தாயின் தலையில்தான். ஆண் பறவை ஆடிப் பாடி மினுங்கிக் காட்டுவதோடு சரி. வாளலகி ஆனாலும் முள்ளலகி ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை.

பாசி, பஞ்சு போன்ற தாவர இழைகள், சிலந்தி நூல் ஆகியவற்றைக் கொண்டு இக்குடும்பத்தின் தாய்ப் பறவைகள் சிறு கிண்ணம் போன்ற கூடு பின்னுகின்றன. சிலந்தி நூலுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது இழுபடும். குஞ்சுகள் வளர வளரக் கூடும் அவற்றோடு விரிந்து கொடுக்கும். பொதுவாக இரண்டே இரண்டு வெள்ளை முட்டைகள். தனக்கே நாளெல்லாம் தேட வேண்டிய தாய், இடையிடையே அவற்றுக்குச் சூடும் கொடுத்து, குஞ்சு பொரித்த பின் பூச்சியும் தேனும் ஊட்ட வேண்டும். பூத்த கொடி கூட்டுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது இத்தாய்க்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ஒரு மரத்தோப்பை வெட்டினால் அவள் போய்வரும் பாதை நீள்கிறது. பாதை நீள்கிற அளவுக்குக் கூட்டில் குஞ்சுகள் குளிரில் காத்திருக்கின்றன.

யார் பத்திரமானவர்?

சகோதரிகளே, இவ்விரண்டில் எந்தப் பறவையின் வாழ்வு பத்திரமானது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஒரே தொழிலில் கைதேர்ந்து, அதில் தனக்கு நிகர் இல்லை என்று பெயரெடுத்தவர் போன்றது வாளலகி. வேறு யாராலும் தொட முடியாத தேன் அதற்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பூ இல்லாமல் போனால்? கொடியின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. பறவைக்காவது வேறு சில நீண்ட பூக்கள் உண்டு. கொடிக்கு இந்த ஒரே பறவைதான். ஈக்குவடோரின் மலைகளில் பசிபுளோரா மிக்ஸ்ராவையும் வாளலகியையும் ஆராய்ந்த இருவர் 2001இல் தம் முடிவுகளை வெளியிட்ட போது, எல்லை மீறிய இந்தத் தனித்திறமை எவ்வளவு எளிதில் நொறுங்கக் கூடியது என்பதையே தலைப்பாக வைத்தார்கள். பறவை மறைந்தால் பூ காயாகாது. காய் இல்லாவிடில் விதை இல்லை. நின்ற கொடி நிற்கும். அதன் பின் வழித்தோன்றல் இராது.

முன்னே சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வாளலகியும் இக்கொடிகளும் ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்று மரபணுக்களைக் கொண்டு கணித்த அவ்வாய்வாளர்கள், சில கொடியினங்கள் இந்தப் பிணைப்பில் இருந்து விடுபட்டிருப்பதையும் கண்டார்கள். அவற்றின் பூக்குழல் குறுகி, குட்டை அலகுச் சிட்டுகளையோ வௌவாலையோ வரவேற்கும் பூக்களாக மாறிவிட்டன. ஆகவே ஒரே வாசலை நம்பியவருக்கு மீட்சியே இல்லை என்பதும் சரியல்ல. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிடித்த காலம் இலட்சக் கணக்கான ஆண்டுகள். ஒரு மலைச்சரிவை வெட்டி மாடு மேய்க்கும் புல்வெளியாக்க ஒரு கோடைகாலம் போதும்.

அப்படியானால் எதையும் தின்று சமாளிக்கும் முள்ளலகி தப்பிவிடுமா? சிறு பூ, பூச்சி, பின்வாசல் என்று அதற்கு மூன்று வழி இருந்தாலும் மூன்றும் இருப்பது அதே காட்டுக்குள்தான். பூத்துளைப்பான் இல்லாவிட்டால் ஓட்டை இல்லை. பூ இல்லாவிட்டால் பூத்துளைப்பானும் இல்லை. தனித்திறமை உள்ளவருக்கும் பலவழி தெரிந்தவருக்கும் தலைக்கு மேலுள்ள கூரை ஒன்றே.

இன்றைய நிலையில் இவ்விரு இனங்களும் அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் இல்லை. ஐந்து நாடுகளின் மலைகளில் பரந்து வாழ்வது அவற்றுக்குப் பலம். ஆனால் காடு துண்டு துண்டாகும் போதும், காலநிலை சூடாகி முகில் தங்கும் உயரம் மேலே நகரும் போதும், மலைவாழ் உயிரினங்களுக்கு ஏறிப் போக இடம் குறைகிறது. மலைக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் வெறும் வானம்தான்.

காடு காத்தால் குடிநீர்

ஈக்குவடோரின் தலைநகர் கீட்டோவுக்கு மேலே பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் யானகோச்சா என்ற காப்புக்காடு இருக்கிறது. ஹொகொடோகோ என்ற நிறுவனம் அதை 2001இல் அமைத்தது. கறுப்பு நெஞ்சும் காலில் பஞ்சுக் குஞ்சமும் கொண்ட மிக அரிய ரீங்காரச் சிட்டு ஒன்றைக் காப்பதே நோக்கம். 2005இல் கீட்டோ நகரம் அச்சிட்டைத் தன் சின்னப் பறவையாக அறிவித்தது. அந்த ஓர் இனத்துக்காகக் காத்த காட்டில் வாளலகியும் வாழ்கிறது. அங்கே தொங்கவிட்ட சீனித்தண்ணீர்க் குவளைகளுக்கு அது வந்து குடிப்பதைப் பார்க்கப் பல நாட்டவர் போகிறார்கள். ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் என்பது இத்தகைய குவளைகளுக்கான வழமையான கணக்கு. தேனோ சாயமோ சேர்ப்பதில்லை.

பறவைக்காக மட்டுமே மனிதர் காட்டைக் காப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் முகிலைப் பிடித்துத் துளியாக்கி மண்ணுக்குள் இறக்கும் அதே மலைச்சரிவுகளும் அவற்றுக்கு மேலுள்ள ஈரப் புல்வெளிகளும்தான் கீட்டோவின் வீட்டுக் குழாய்களுக்கு நீர் தருகின்றன. இதை உணர்ந்து, நீரைப் பயன்படுத்துவோரின் பணத்தைக் கொண்டு நீரூற்று மலைகளைப் பேணும் நிதியம் ஒன்றை அந்நகரம் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. குடத்தில் நீர் இல்லாத வீட்டின் தவிப்பு எந்த நாட்டுப் பெண்ணுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமக்கும் அந்தீஸ் காடுகள் அவ்வளவு தூரமானவை அல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த கொயினா மருந்து, அந்தீஸ் மலைக் காட்டில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையில் இருந்து வந்தது. 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே அந்தச் சிங்கோனாவை இங்கே வளர்த்துப் பார்க்கத்தான். வாளலகி சுற்றித் திரியும் மலைகளின் மரம் ஒரு காலத்தில் நம் நாட்டுக் காய்ச்சலையும் தணித்தது.

அடுத்த முறை பிள்ளைகளோடு முற்றத்தில் நிற்கும் போது செவ்வரத்தைப் பூ ஒன்றைப் புரட்டி, காம்புக்கு மேலே அடிப்பகுதியைப் பாருங்கள். சில பூக்களில் சிறு கீறலோ ஓட்டையோ இருக்கும். அது பெரும்பாலும் நம் தேன்சிட்டின் வேலை. ஆழத்துத் தேனுக்கு அதுவும் முள்ளலகி போலப் பின்வாசலைத் தேடுகிறது. “யார் இந்த ஓட்டையைப் போட்டது?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு காலைப் பொழுது அவர்களே காத்திருந்து கண்டுபிடிக்கட்டும்.